குறையே சொல்லாத நோயாளி

எங்கள் பனியன் யூனிட்டுக்கு ஆடிட் வருகிறது என்றால் முதலில் குளிப்பது கழிப்பறைதான். அடுத்தது தீயணைக்கும் சிலிண்டர்கள். ஆண்டு முழுக்கப் பஞ்சு படிந்து கிடக்கும் அவற்றை என் வீட்டுக்காரர் தன் கையாலேயே துடைத்து, மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்பவர்கள் மாதிரி வரிசையாக மாட்டுவார். முதலுதவிப் பெட்டியில் குடியிருக்கும் நூல்கண்டுகளும் பாக்குப் பொட்டலங்களும் காலி செய்துகொண்டு போக, பஞ்சும் பிளாஸ்திரியும் குடிவரும். பையர், அதாவது பனியன் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, அனுப்பும் ஆட்கள் ஃபைலோடு வந்து, தொழிலாளர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். தண்ணீர் சுத்தமா, ஓவர் டைம் கட்டாயமா, யாராவது திட்டுகிறார்களா. அதற்கு முன்பே இவர் எல்லாருக்கும் பாடம் நடத்தி முடித்திருப்பார்.

ஒரு தரம், பீகாரிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த தையல்காரர் ஒருவருக்குத் தமிழில் ஒரே ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தார். வந்த ஆடிட்டர் அவரிடம், "உங்க பேர் என்ன?" என்று கேட்டார். "எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்றார் அவர். "எந்த ஊர்?" என்று கேட்டார். அதற்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்தது. அந்த ஆடிட்டிலும் பாஸாகிவிட்டோம்.

கையில் ஃபைலை வைத்துக்கொண்டு எவர் கேள்வி கேட்டாலும் குறையை ஒப்புக்கொள்ளக் கூடாது. இது என் வீட்டுக்காரர் தொழிலில் கற்ற பாடம். சரி, தொழிலோடு நிறுத்தியிருக்கலாம். அதை அவர் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனதுதான் என் தலைவலி.

இருமல் வந்தபோது நாங்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. திருப்பூர் வேலம்பாளையத்தில் இருமாத ஆள் யார்? பஞ்சுத் தூசி என்றோம், சீதளம் என்றோம், மிளகு ரசம் வைத்தேன். எடை குறைந்த பிறகுதான் கோயம்புத்தூருக்குப் போய்ப் படம் எடுத்தோம். நுரையீரலில் புற்று என்றார்கள். வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டவர் இல்லை. ஆண்டு தவறாமல் மாலை போட்டுப் பழனிக்கு நடந்து போகிறவர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முருகன் மேல் கொஞ்சம், பஞ்சு மேல் கொஞ்சம், மிச்சம் அத்தனையும் அவர் மேல்.

டாக்டர் அமைதியான மனிதர். அறுத்து எடுக்கும் கட்டத்தை நோய் தாண்டிவிட்டது, ஆனால் இந்த வகைக்கு என்றே மாத்திரை இருக்கிறது என்றார். அதைவிடப் புதிதாக வந்திருக்கும் ஒரு மாத்திரையை இப்போது ஆராய்ச்சியில் வைத்துப் பார்க்கிறார்கள், விரும்பினால் அதில் சேரலாம் என்றார். சேருகிறவர்களில் சிலருக்குப் பழையது, சிலருக்குப் புதியது. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. புதியது பழையதைவிட அதிக நாள் நோயைப் பிடித்து வைக்குமா என்றுதான் பார்க்கிறோம், வைக்கும் என்று நான் சொல்லவில்லை என்று அழுத்திச் சொன்னார். இவர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. ஆஸ்பத்திரிப் படியிறங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பெரிய ஆர்டருக்கு சாம்பிள் கொடுத்துவிட்டு வந்தவர் முகம் அது. அந்த மாத்திரை ஒன்றுதான் தன்னைக் காப்பாற்றும் என்று அன்றே முடிவு கட்டிவிட்டார்.

சம்மதம் வாங்குவதை வீடியோ எடுப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அது இவருக்குப் போதாதா? சலவை வேட்டி, முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. காமிராவைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டு, "இந்த நல்ல வாய்ப்பை எனக்கு வழங்கிய டாக்டர் அவர்களுக்கும்" என்று ஆரம்பித்துவிட்டார். நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் ஒரு திருநெல்வேலிப் பெண். அது வாயை மூடிக்கொண்டு சிரித்தது. "சார், உக்காருங்க, நீங்க பேச வேண்டாம், நான் படிக்கேன், புரியுதான்னு மட்டும் சொல்லுங்க" என்றது. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று படித்தபோது இவர் என் பக்கம் சாய்ந்து, "எந்த பையராச்சும் இப்படி எழுதிக் குடுப்பானா? இதுல என்னமோ இருக்குது" என்றார். அதுவும் வீடியோவில் பதிவாகியிருக்கிறது.

"உங்களைப் பரீட்சை பண்ணலை சார். மருந்தைத்தான் பரீட்சை பண்ணுதோம். உடம்புக்கு என்ன செஞ்சாலும் மறைக்காமச் சொல்லணும்" என்றும் அந்தப் பெண் சொன்னது. இவர் பலமாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும், "எல்லா ஆடிட்டரும் இதையேதான் சொல்லுவான். குறை கண்டுபிடிக்க வரல, உங்களுக்கு உதவத்தான் வந்தோம்பான். நம்பி ஒரு வார்த்தை விட்டயின்னா சோலி முடிஞ்சுது" என்றார்.

ரத்தம், ஸ்கேன், இதயம், கண் என்று எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, ஆராய்ச்சிக்குத் தகுதியானவர்தான் என்று போன் வந்தது. இவர் யூனிட் முழுக்க லட்டு கொடுத்தார். "செலக்ட் ஆயிட்டன்" என்றார். எதிரே பிரிண்டிங் யூனிட் வைத்திருப்பவர் கை நிறைய லட்டை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து, "என்னங்க்கா விசேஷம்?" என்று கேட்டார். நுரையீரல் புற்றுநோய் என்று எப்படிச் சொல்வது? "நல்ல விசேஷம்தானுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு நானும் ஒரு லட்டு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

மாத்திரை வந்த அன்று இவரும் பாயும் யூனிட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பாய் எங்கள் கட்டிங் மாஸ்டர். யூனிட் ஆரம்பித்த நாளிலிருந்து இவரோடு இருப்பவர். ஒருவர் தலைகீழாக நிற்கலாம் என்றால் மற்றவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார், அப்படி ஒரு நட்பு. நான் டீ கொண்டுபோனபோது இரண்டு பேரும் துணியின் கனத்தை நிறுக்கிற சின்னத் தராசில் மாத்திரையை வைத்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். மாத்திரை பழசா புதுசா என்று கண்டுபிடிக்கிறார்களாம். முகர்ந்து பார்த்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பாய் நகத்தால் சுரண்டப் போனார். நான் கையைத் தட்டிவிட்டேன். ஒரு டப்பா மாத்திரையும் ஒரே எடை காட்டியதே தவிர ஒன்றும் தெரியவில்லை. "பாத்தீங்களா பாய், ஒரு புள்ளி மாறல. இந்த மாதிரி ஒரு ரோல் துணி நமக்கு என்னைக்காச்சும் வந்திருக்குதா?" என்று என் வீட்டுக்காரர் உருகிப்போனார்.

"ஏனுங்க, அதை முழுங்கறதுக்குக் குடுத்தாங்களா, நிறுக்கறதுக்குக் குடுத்தாங்களா?" என்று கேட்டேன். அதன் பிறகே முழுங்கினார்.

சில வாரங்களில் மாத்திரை தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. முதல் ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. அது நல்ல வேலை. முகமெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பரு கிளம்பியது, நகக் கண்கள் வீங்கின, வயிறு ஒரு நாள் போல் ஒரு நாள் நிற்கவில்லை. அது மற்ற வேலை. இதையெல்லாம் சொன்னால் அளவைக் குறைப்பார்கள், கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பார்கள், களிம்பு கொடுப்பார்கள். இதுவும் படித்துக் காட்டியதுதான். ஆனால் இவருக்குத் தெரிந்த உலகத்தில் குறை சொன்ன சரக்குக்கு ஒரே வழிதான் உண்டு.

"ரிஜெக்ட் பண்ணிப்போடுவாங்க புள்ள. என்னைய எடுத்துட்டு வேற நல்ல ஆளை உள்ள போட்டுக்குவாங்க. அப்பறம் நான் எங்க போறது?" என்றார். அவர் குரலில் விளையாட்டு இல்லை. சண்டைக்குப் போன நான் அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன்.

இப்படித்தான் பூசி மெழுகும் வேலை ஆரம்பமானது. ஆஸ்பத்திரி நாட்களில் அவருடைய முருக பக்தி திடீரென்று அதிகமானது. நெற்றிப் பருவை மறைக்க நெற்றி நிறைய விபூதி. கன்னத்தில் பரு வந்தபோது கன்னத்திலும். கழுத்துக்கும் இறங்கிய பிறகு ஆண்டிக் கோலத்தில் இருக்கும் பழனி முருகனே எதிரில் வந்தாலும் நம் ஆள்தான் என்று கட்டிப்பிடித்திருப்பார். "சார் ரொம்ப பக்திமானா இருக்கீயளே" என்றது ஒருங்கிணைப்பாளர் பெண். நகம் தெரியக் கூடாதென்று பேசும்போது கையைக் கட்டிக்கொள்வார். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு அந்தப் பெண் இன்னும் மரியாதை கொடுத்தது.

கோயம்புத்தூர் போய்வருவது தனிக் கூத்து. பாய்தான் காரை ஓட்டுவார். அந்தச் சாலையில் எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை உண்டு, எதில் தண்ணீர் வரும், எதில் தாழ்ப்பாள் நிற்காது என்பதெல்லாம் எங்கள் மூன்று பேருக்கும் அத்துப்படி. பங்குக்குள் ஓட்டமாகப் போகிறவர் திரும்பி வரும்போது ஆடிட்டராக வருவார். "சோப்பு இல்ல. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடல. இதெல்லாம் ஒரு பங்கா?" என்பார். வயிறு போகிற போக்கிலும் பிறர் குறை மட்டும் அவர் கண்ணில் தப்பாது.

போதாக்குறைக்கு ஒத்திகை வேறு. ஆஸ்பத்திரி போவதற்கு முன்பு கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, பாய் கழுத்தில் அளவு டேப்பை மாட்டிக்கொண்டு டாக்டராக உட்காருவார்.

"வயிறு எப்படிங்ணா இருக்குது?"

"எல்லாம் நல்லா இருக்குதுங்க."

"அண்ணி, நீங்க சொல்லுங்க. வாந்தி இருக்குதுங்களா?"

"வாந்தி இல்லீங்க. ஆனா வயித்தால" என்று நான் ஆரம்பித்தால் இவர் மேஜையைத் தட்டுவார். "கேட்டதுக்கு மட்டும் பதில். வாந்தி கேட்டா வாந்தி. வயித்துக்கு எதுக்குப் போற?"

கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்ல எனக்கு வராது. கல்யாணமான நாளிலிருந்து வந்ததில்லை. அதனால் ஆஸ்பத்திரியில் நான் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும் என்று தீர்மானமானது. நானும் உட்கார்ந்தேன். கட்டி சுருங்குகிறதே, முகத்தில் பரு வந்தால் என்ன, இந்த வயதில் பெண் பார்க்கவா போகிறார் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

இந்தக் கூத்துக்கு நடுவில் எங்கள் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. என் வீட்டுக்காரர் என்னை எதிர்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

எங்களுக்குள் சண்டை என்பது காபி மாதிரி. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று இல்லாவிட்டால் தலை வலிக்கும். எங்கள் ஊர் ராயபுரத்தில் பழம் வாங்குவதா மார்க்கெட்டில் வாங்குவதா என்பதில் தொடங்கி, எதிலும் அவர் விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அப்படிப்பட்டவர் திடீரென்று நான் எதைச் சொன்னாலும் "ம்" என்று கேட்டுக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நோய் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று சொல்வார்களே, அது உண்மைதான் என்று நினைத்துக்கொண்டேன். யூனிட்டில் மாடியிலிருந்த தன் மேஜையைக் கீழே கொண்டுவந்து போட்டுக்கொண்டார். கேட்டைக் கவனிக்க வேண்டும் என்றார். வீட்டில் ஹாலில் படுக்க ஆரம்பித்தார். அங்கேதான் காற்று வருகிறது என்றார். நான் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்காத ஆள். அவர் எங்கே படுத்தால் எனக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

ஆனாலும் ஜெயித்துக்கொண்டே இருப்பது ஒரு கட்டத்தில் சப்பென்று ஆகிவிடுகிறது. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே அவரைச் சீண்டிப் பார்த்தேன். நூலுக்கு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இருபதாம் நம்பர் தடிமன், நாற்பதாம் நம்பர் சன்னம். திருப்பூரில் பால்வாடிக் குழந்தைக்குக்கூட இது தெரியும். நான் வேண்டுமென்றே, "ஏனுங்க, என்ன இருந்தாலும் இருபதாம் நம்பரைவிட நாப்பதாம் நம்பர்தானுங்க தடிமனு" என்றேன். தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்திருப்பார், பாயைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைப்பார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, "ம்" என்றார்.

அந்த மனுஷனுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. இத்தனை நாளாக நான் ஜெயித்த சண்டை ஒன்றுகூட நான் ஜெயித்ததில்லை. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை அப்போதுதான் பார்த்தேன். மாடி மேஜை கீழே வந்த காரணமும் அப்போதுதான் உறைத்தது. "மூச்சு வாங்குதுங்களா?" என்று கேட்டேன். "சோறு காரம்" என்றார். சோற்றில் காரமே இல்லை. வயிற்றுக்காகத் தயிர்ச்சோறு போட்டிருந்தேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் ஆச்சு என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஆஸ்பத்திரிக்கு இன்னும் தேதி வரவில்லை என்றார், பிறகு பார்க்கலாம் என்றார், பாயிடம் கார் சாவியை ஒளித்து வைக்கச் சொன்னார். பாய் சாவியை என்னிடம் கொண்டுவந்து ஒளித்து வைத்தார்.

டாக்டர் முன்னால் வழக்கம்போல விபூதியோடு, கை கட்டி உட்கார்ந்தார். ஒருங்கிணைப்பாளர் பெண் கேட்டது.

"இருமல் இருக்கா சார்?"

"இல்லீங்க."

"நடக்கையில மூச்சு வாங்குதா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு சார் தேதிக்கு முன்னாலயே வந்தீய?"

"சும்மா. உங்களையெல்லாம் பாத்துட்டுப் போலாம்னுதான்."

டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். என் வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். மேஜைக்கு அடியில் நான் திருப்பி மிதித்துவிட்டு வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்.

"டாக்டர், நாப்பதாம் நம்பர் நூலுதான் தடிமனுன்னு இவரு ஒத்துக்கிட்டாருங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஒருங்கிணைப்பாளர் பெண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அதற்கப்புறம் நான் நிறுத்தவில்லை. கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து முந்தானையை நனைத்து அவர் நெற்றியைத் துடைத்தேன், கன்னத்தைத் துடைத்தேன், கட்டியிருந்த கையைப் பிரித்து விரல்களை மேஜை மேல் வைத்தேன். வயிறு, நகம், பெட்ரோல் பங்க், கழுத்தில் டேப் மாட்டிய டாக்டர், ஹாலில் படுக்கை, "ம்" எல்லாவற்றையும் கொட்டினேன். கதவோரம் நின்ற பாய் தலையைக் குனிந்துகொண்டு, "நானும் கூட்டுத்தானுங்க" என்றார்.

டாக்டர் கோபப்படவில்லை. அவர் பங்குக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருந்தது. விரலில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் ஒரு கருவியை மாட்டி, வராந்தாவில் நடந்துவிட்டு வரச் சொன்னார். இவர் ஷோரூம் பொம்மை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு புறப்பட்டார். வராந்தா பாதியில் கருவி கத்தியது. சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார்.

ஸ்கேனில் நுரையீரல் புகை படிந்தது போல இருந்தது. இது நோயால் வந்தது இல்லை, மாத்திரையே நுரையீரலைப் புண்ணாக்கியிருக்க வேண்டும், சிலருக்கு அபூர்வமாக இப்படி ஆகும் என்றார் டாக்டர். இன்னும் சில நாள் விட்டிருந்தால் கை மீறியிருக்கும் என்றும் சொன்னார். அந்த மாத்திரையை அன்றோடு நிறுத்தினார்கள். ஆராய்ச்சியில் இனி அவருக்கு மருந்து கிடையாது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "நீயே ரிஜெக்ட் பண்ணிப்போட்டயே" என்றார். இவ்வளவு சொல்லவே இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது அவருக்கு.

ஒருங்கிணைப்பாளர் பெண் அவர் பக்கத்தில் குனிந்தது. "சார், மருந்துல குறை இருந்தா நீங்கதான சொல்லணும். இதே மாத்திரையை எத்தனை ஊர்ல சாப்பிடுதாவ. நீங்க எல்லாம் நல்லா இருக்குன்னா அவங்களுக்கு என்ன தெரியும்?"

என் வீட்டுக்காரர் கழிப்பறை விஷயத்தில் ஆயிரம் பொய் சொல்லுவார். ஆனால் கடைசியாகக் குறை பார்க்கிற செக்கிங்கையும் தாண்டி ஊசி ஓட்டை விழுந்த ஒரு பீஸ் வெளியே போகிறது என்றால், ஒட்டின பெட்டியைக்கூடப் பிரித்துவிடுவார். அந்தப் பெண் சொன்னது அவரைச் சுட்டது. "அப்ப நான் பீஸு இல்லீங்களா? செக்கிங்கா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றது அது. "இதை மொதல்லயே தமிழ்ல சொல்லியிருக்கலாமல்ல" என்று முனகினார்.

பிறகு டாக்டர் கேட்டார். "படுத்தா மூச்சு வாங்குதுங்களா ஐயா? எத்தனை தலையணை வச்சுப் படுக்கறீங்க?"

"படுக்கறதே இல்லீங்க" என்றார். "சோபாவுல உக்காந்துக்குவன். விடியற வரைக்கும்."

எனக்கு அது தெரியாது. எல்லாக் குறையையும் கொட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, இருந்ததிலேயே பெரிய குறை தெரியாது. பக்கத்து அறையில் ஒரு மனுஷன் படுக்க முடியாமல் உட்கார்ந்திருக்க, நான் குறட்டை விட்டிருக்கிறேன். ஒத்திகை பார்த்தது டாக்டரை ஏமாற்ற மட்டும் இல்லை. கையில் ஃபைல் இல்லாத நானும் அவருக்கு ஆடிட்டர்தான். அந்த எண்ணம் வந்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். மனசு விட்டுப்போனது.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் அவர் என்னோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் ஒருங்கிணைப்பாளர் பெண்ணிடம், "அவங்ககிட்டச் சொம்பைக் கேளுங்க" என்பார். நான் அந்தப் பெண்ணிடம், "ஏங் கண்ணு, அவருக்குச் சுடுதண்ணியா பச்சைத்தண்ணியான்னு கேளு" என்பேன். படித்த பிள்ளை, எங்கள் இருவருக்கும் நடுவில் சொம்பு சுமந்தது.

பதற வேண்டாம், அவர் இருக்கிறார். ஸ்டீராய்டு கொடுத்து நுரையீரல் தெளிந்தது. கொஞ்ச நாள் எதுவும் இல்லாமல் விட்டு, பிறகு பழைய மாத்திரையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். கட்டி அப்படியே அடங்கிக் கிடக்கிறது. எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முன்பு அவர் சாப்பிட்டது புதிய மாத்திரைதான் என்று பிறகு சொன்னார்கள். "தராசுல நிறுத்தப்பவே எனக்குத் தெரியும்" என்றார் இவர். பாயும் ஆமாம் என்றார்.

ஆனால் நான் மறக்காதது ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்த மத்தியானம். பாய் ஓட்டினார். நானும் இவரும் பின்னால். பெட்ரோல் பங்குகள் ஒவ்வொன்றாகப் போயின. எதிலும் நிற்க வேண்டியிருக்கவில்லை. அவிநாசி தாண்டும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு நான்தான் கேட்டேன்.

"என்மேல கோவமுங்களா?"

"இல்ல."

"பின்ன என்னங்க பண்ணுது?"

எல்லாம் நல்லா இருக்குது என்பார் என்று நினைத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "பயமா இருக்குது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சாவறதுக்குப் பயமா இருக்குது புள்ள" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கு ஒரு குறை என்று அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தரம். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். "எனக்கும்தானுங்க" என்று அவர் கையைப் பிடித்தேன். முன்னால் பாய் குலுங்கிக் குலுங்கி அழுதபடி காரைச் சாலையோரம் கொண்டுபோய் நிறுத்தினார். "பாய், இண்டிகேட்டர் போடாம ஒடிக்கறீங்களே, பின்னால வர்றவன் என்ன பண்ணுவான்?" என்று இவர் அதட்டினார். முழு வாக்கியம், ஒரே மூச்சில்.

கார் மறுபடி கிளம்பியதும் அவர் சொல்ல ஆரம்பித்தார். தலைமுடி கொத்தாக வருவது, கண் உறுத்துவது, நாக்கில் உப்பு உறைக்காதது, தொண்டையில் ஏதோ நிற்பது, நெஞ்சில் இந்த இடத்தில் குத்துவது. உச்சியிலிருந்து வரிசையாக இறங்கி வந்தார். நான் குறுக்கே பேசவில்லை. வேலம்பாளையம் வந்தது, வீடும் வந்தது. பாய் இன்ஜினை அணைத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இறங்கவில்லை.

"நான் கிளம்பட்டுங்களாண்ணா?" என்று கேட்டார்.

"சித்த இருங்க பாய்" என்றார் என் வீட்டுக்காரர். "இன்னும் இடுப்புக்கே வரல."